மிளகாய்த்தூட் பொட்டலம்

கடல்கடந்து செல்லும் நம்மவர் பலரின் பெட்டியில் மிளகாய்த்தூட் பொட்டலமொன்று இருக்கும். மணிலாவுக்குச் சென்றபோது எமது பெட்டியிலும் ஒன்று இருந்தது. எவ்வூர் உணவையும் அதனைக்கொண்டு நம்மூர் உணவாக்கிவிடலாம் என்று எண்ணியிருந்தோம்.

1571ஆம் ஆண்டில் மணிலாவைத் தலைநகராக்கிய ஸ்பானியர் பின்னர் எழுப்பிய மதிலுக்குள் அடங்கிய பழைய நகர் இன்ட்ராமுரோஸ் எனப்படும். அதன் அருகே ஒரு சிறிய போசனசாலையில் மதிய உணவுக்கு அமர்ந்தோம். சோற்றுடன் இரண்டு கறிகள் வந்தன. ஒன்று அடோபோ. கோழியிறைச்சியை வினாகிரி, சோயாச் சாறு, உள்ளி, மிளகு ஆகியவற்றுடன் வற்றக் காய்ச்சியது. அதன் பெயர் ஸ்பானிய மொழிக்குரியது. வினாகிரியிற் சமைக்கும் முறையோ ஸ்பானியர் வருமுன்னரே அத்தீவுகளில் இருந்தது. மற்றையது சினிகாங். பழப்புளி கரைத்த நீரில் மீனும் முள்ளங்கியும், நம்நாட்டுச் சந்தையிற் காணும் கங்குன் கீரையும் வெந்திருந்தன.

இரண்டொரு கவளத்திலேயே எமது நா உறைப்பைத் தேடிற்று. மேசைக்குக் கீழே மறைவாகப் பொட்டலத்தை அவிழ்த்தோம். சமைத்துப் பரிமாறிய அம்மையார் அதனைக் கண்டுவிட்டார். அவரது கைப்பக்குவத்தை முகத்தெதிரே பழித்தவர்போல நாணித் தலைகுனிந்தோம்.

அவர் சினக்கவில்லை. உள்ளே சென்று நான்கு சிறு கிண்ணங்களைக் கொணர்ந்து வைத்தார். ஒன்றில் வினாகிரி, ஒன்றில் மீனிலிருந்து வடித்த பாத்திஸ் என்னும் உவர்ச்சாறு, ஒன்றில் தேசிக்காயினும் சிறிய கலமன்சிப் பழங்கள், ஒன்றில் விரல்நுனியளவான மிளகாய்கள். உண்பவர் இவற்றைத் தத்தம் சுவைக்கேற்பக் கலந்து தொட்டுண்பது அந்நாட்டு வழக்கம்; அக்கலவையைச் சௌசாவன் என்பர். சமைத்தவர் தொடக்கிய சுவையை உண்பவர் நிறைவு செய்கின்றார். அதனைச் சமைத்தவர் இழுக்காகக் கருதுவதில்லை.

வினாகிரியில் மிளகாயை நசுக்கி, கலமன்சி பிழிந்து, மீனைத் தொட்டுண்டோம். உறைப்பு வந்தது; பழப்புளியின் சுவையும் மீனின் சுவையும் கெடவில்லை. எமது தூளைக் கொட்டியிருப்பின், மணிலாவரை சென்றும் வீட்டுக் கறியையே உண்டவராயிருப்போம். பின்னர் அம்மையார் பப்பாசிக்காய் ஊறுகாய் சிறிது கொணர்ந்து, அதன் பெயர் அச்சாரா என்றார். அச்சாறு உண்டு வளர்ந்த எமக்கு வியப்பு மேலிட்டது.

புறப்படுகையில் பொட்டலத்தை அவரிடமே கொடுத்தோம். அவர் சிறிது எடுத்து நாவில் இட்டு, கண்களில் நீர் மல்கச் சிரித்தார். பின்னர் அதனை ஐந்தாவது கிண்ணமொன்றில் இட்டு, ஏனைய நான்கின் அருகே வைத்தார்.