மூச்சு விடாத அச்சு

எண்ணெய் ஒழுகாத பழைய ஜீப் உலகில் உண்டோ என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. ஒழுகுவது நின்றால்தான் கவலைப்பட வேண்டுமாம். உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருளாம்! கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் ஒழுகும் எண்ணெய் சக்கரத்தின் பிரேக்கை நனைக்குமானால், மலைச்சரிவில் அது சிரிக்கும் விஷயமன்று.

எங்கள் நிலவியல் துறையில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று உண்டு. சிவாலிக் மலைகளுக்குப் பாறை பார்க்கப் போகும்போதெல்லாம் அதுதான் எங்களைச் சுமக்கும். மோகண்ட் பக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், 'ராவ்' என்று அவ்வூரார் சொல்லும் கூழாங்கல் ஓடைதான் பாதை.

இந்த வண்டிக்கு ஓராண்டுக்குள் மூன்று முறை பின் அச்சின் இடப்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். மாற்றிய சில நாள் சக்கரம் உலர்ந்திருக்கும். மலைக்குப் போய் வந்ததும் பிரேக் டிரம் மறுபடி நனைந்திருக்கும். மூன்றாம் முறை எண்ணெய்க்குச் சீட்டு எழுதிக்கொண்டு போன டிரைவரிடம் அலுவலகத்தில் ஒருவர், "எண்ணெய் அச்சில் போகிறதா, கடைத்தெருவுக்குப் போகிறதா?" என்று கேட்டுவிட்டார். முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. அன்று அவர் யாரிடமும் பேசவில்லை.

"சாச்சா, நாமே பார்த்துவிடுவோமா?" என்றேன்.

"பார், பேட்டா. என் வாய்ச்சொல்லை இனி யார் நம்பப் போகிறார்கள்?" என்றார்.

முதலில், ஒழுகுவது எது என்று பார்த்தோம். பிரேக் எண்ணெய் நீர்த்திருக்கும்; வண்ணப் பூச்சைத் தின்றுவிடும். இதுவோ தடித்து, கந்தக நெடி அடித்தது, கியர் எண்ணெய்தான். பிறகு சக்கரத்தின் உட்பக்கத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, வண்டியை ஓட்டிவந்தோம். வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அச்சுத்தண்டு வெளிவரும் இடத்திலிருந்தே கசிவு என்பது உறுதியாயிற்று.

அடுத்து, சீலைக் கெடுக்கக்கூடியவை யாவை? எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அளவு துளையின் விளிம்போடு சரியாக இருந்தது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடலாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தோம், ஆட்டம் இல்லை. சீலின் உதடு உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். கழற்றி நகத்தால் வருடினோம், வழவழப்பாகவே இருந்தது.

எஞ்சியது ஒரே குறிப்பு. வளாகத்தில் ஓடும்போது ஒழுகுவதில்லை; நெடுந்தூரம் ஏறி இறங்கினால்தான் ஒழுகுகிறது. எனவே மறுநாள் மலைச்சாலையில் ஒரு மணி நேரம் ஏறி, சமதரையில் நிறுத்தி, எண்ணெய்த் துளையின் திருகை மெல்லத் தளர்த்தினோம். 'உஸ்' என்று காற்று சீறிற்று! சாச்சா என் முகத்தைப் பார்த்தார். நோய் சீலில் இல்லை.

அச்சுக்கூட்டுக்குள் எண்ணெய்க்கு மேலே காற்று இருக்கிறது. பல்சக்கரங்கள் உரசிச் சூடேறும்போது அதுவும் சூடேறுகிறது. 27 டிகிரி சென்டிகிரேடில் அடைபட்ட காற்று 87 டிகிரிக்கு ஏறினால், தனி வெப்பநிலைக் கணக்கில் 300 என்பது 360 ஆகிறது; அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 பவுண்டு. எண்ணெயைத் தடுக்கச் செய்த ரப்பர் உதடு இந்த நெருக்கத்தைத் தாங்குவதற்காகச் செய்ததன்று. உலைமூடியை அழுத்திப் பிடித்தால் கஞ்சி பக்கவாட்டில் பொங்குவதுபோல, எண்ணெய் வழிதேடி வெளியேறுகிறது. சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கினாலோ எதிர்மாறு: காற்று சுருங்கி, வெளித்தண்ணீரை உள்ளே இழுக்கும், எண்ணெய் பால்போல் வெளுக்கும்.

இதற்காகவே அச்சின் மேற்புறத்தில் 'பிரீதர்' என்ற சிறு மூச்சுக்குழல் உண்டு. கட்டைவிரல் நுனியளவுதான். எங்கள் வண்டியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாடாயிற்று. சென்ற ஆண்டு விழாவுக்காக வண்டிக்குப் புதுவண்ணம் பூசியபோது அடிப்பாகத்துக்கும் கறுப்பு அடித்திருந்தார்கள். பூச்சும் மேலே படிந்த சேறும் சேர்ந்து அதன் வாயை அடைத்திருந்தன. அழகு செய்யப்போய் மூச்சை நிறுத்திவிட்டார்கள்!

மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, ஊதிப் பார்த்து, மறுபடி பொருத்தினோம். ஓடைத் தண்ணீர் எட்டாதபடி அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை உயரக் கொண்டுபோய்க் கட்டினார் சாச்சா. புதுச் சீலும், எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளுக்கு மாற்றும் போட்டோம். அதன்பின் ஆறு பயணம் போய்வந்தாயிற்று. டிரம் உலர்ந்தே இருக்கிறது.

கடைத்தெருவைப் பற்றிக் கேட்டவர் மன்னிப்பு ஏதும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சீட்டில் ஒன்றும் கேளாமல் கையெழுத்திட்டார். "அது போதும்" என்றார் சாச்சா. எனக்குப் போதவில்லை.

களப்பணிக்கு ஜீப்பில் போகும் நண்பர்களே! புறப்படுமுன் டயரைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம். அச்சின் மேலுள்ள அந்தச் சிறு குழலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். போட்ட சீல் மறுபடி மறுபடி போகுமானால், சீலை நோகுமுன், முக்கியமாக வண்டி ஓட்டும் மனிதரை நோகுமுன், அச்சு மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்.