செவி கண்ட தீவு

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபெர்டீன் துறைமுகத்திலிருந்து டீ ஆற்றின் ஓரமாக மேற்கு நோக்கிப் பயணம் செய்வோர், ஏறத்தாழ 95 கிலோமீட்டர் கடந்ததும் பிரேமார் என்னும் சிற்றூரை அடைவர். முன்னாளில் இருப்புப்பாதை பாலட்டர் என்ற ஊர்வரை வந்து நின்றுவிட்டது. 1966-ல் அதையும் மூடிவிட்டனர். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 340 மீட்டர் உயரத்தில், கெய்ர்ன்கார்ம் மலைகளின் மடியில் அமைந்த இவ்வூர் குளிருக்குப் பேர்போனது. ஐக்கிய இராச்சியத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையாகிய, உறைநிலைக்குக் கீழே 27.2 டிகிரி செல்சியஸ், இங்கு 1895-லும் மறுபடியும் 1982-லும் பதிவாயிற்று. நாம் சென்றது ஆகஸ்டு மாதத்தில். அப்பொழுதும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

கிளூனி என்னும் ஓடை ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பாறைகளிடையே இரைந்து ஓடி டீ ஆற்றில் கலக்கிறது. மேற்குக் கரைக்கு ஆக்கன்ட்ரைன் என்றும், கிழக்குக் கரைக்குக் காசல்டன் என்றும் பழம்பெயர்கள் உண்டு. மேற்குக் கரையார் கத்தோலிக்கராகவும், கிழக்குக் கரையார் பிரிந்த சகோதரராகவும் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. மேற்குப் புறத்தில் 1839-ல் எழுந்த புனித அந்திரேயா ஆலயத்தில் சிறிது நேரம் முழந்தாளிட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து கிழக்குப் புறம் சென்றோம். நாம் காண வந்த வீடு அங்கேதான் இருக்கிறது. எளிய கல்வீடு, சுவரில் ஒரு நினைவுப் பலகை. 1881-ஆம் ஆண்டுக் கோடையில் இராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இங்குத் தங்கித்தான் 'புதையல் தீவு' என்னும் புகழ்பெற்ற கடற்கதையை எழுதத் தொடங்கினார்.

அக்கதையை நாம் கண்ணால் வாசித்துக்கொண்டு வரவில்லை; காதால் கேட்டுக்கொண்டு வந்தோம். காப்புரிமைக் காலம் கடந்த பழைய நூல்களைத் தன்னார்வத் தொண்டர்கள் வாசித்துப் பதிவுசெய்து, யாவரும் இலவசமாகக் கேட்குமாறு வழங்கும் 'லிப்ரிவாக்ஸ்' என்னும் பணியைக் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் வாழ்ந்த ஹியூ மக்கையர் என்பவர் 2005-ல் தொடங்கினார். அதில் வாசிப்போர் ஊதியம் பெறுவதில்லை. இன்று 'பாட்காஸ்ட்' என்னும் ஒலித்தொடர்களாகவும் இத்தகைய பழங்கதைகள் கிடைக்கின்றன. 34 அதிகாரங்கள் கொண்ட 'புதையல் தீவு' முழுவதையும் ஏழெட்டு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, டீ ஆறு கூடவே வர, முன்பின் அறியாத ஒருவர் தம் குரலால் நமக்குக் கதை சொல்லக் கேட்பது இனிய அனுபவமே.

முகம் காணாதவர் குரலில் கதை கேட்பது உண்மையான வாசிப்பாகுமா என்று சிலர் ஐயுறுவர். அவர்கள் இவ்வீட்டின் வரலாற்றை அறிதல் நலம்.

அக்கோடையில் ஸ்டீவன்சனுக்கு வயது முப்பது. நுரையீரல் நோயினால் நலிந்திருந்தவர். பருவநிலையோ மிக மோசம். வெளியே உலவ வழியில்லை. பெற்றோர், மனைவி பானி, மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகன் லாய்டு ஆகியோர் அனைவரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தனர். பள்ளி விடுமுறையில் ஓவியம் தீட்டிப் பொழுதுபோக்கிய அச்சிறுவனோடு கூடி வரைகையில், ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார். அவ்வரைபடத்திலிருந்தே கதை பிறந்தது. காலையில் ஓர் அதிகாரம் எழுதுவார். நண்பகல் உணவுக்குப்பின் அதைக் குடும்பத்தார்க்கு உரக்க வாசிப்பார். இவ்வாறு பதினைந்து நாட்களில் பதினைந்து அதிகாரங்கள் முடிந்தன. ஆகவே அச்சு எழுத்தைக் காணுமுன் இக்கதை கண்டது மனிதச் செவிகளையே.

சிறுவனுக்காகத் தொடங்கிய கதைக்கு, எதிர்பாராத வேறொரு சிறுவரும் கிடைத்தார். அவர் ஸ்டீவன்சனின் முதிய தந்தை தாமஸ். கலங்கரை விளக்கங்களைக் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாமும் அத்தொழிலில் சிறந்தவர். இரவுதோறும் கப்பல்களையும் வழியோரச் சத்திரங்களையும் கொள்ளையரையும் பற்றித் தமக்குத் தாமே கதை சொல்லிக்கொண்டு உறங்கும் வழக்கமுடையவர். மகன் வாசிக்கக் கேட்டதும் அவர் உள்ளம் துள்ளியது. இறந்துபோன பழைய மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்று, ஒரு நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பழைய உறையொன்றின் பின்புறத்தில் பட்டியல் எழுதித் தந்தார். மகன் அதை அப்படியே கதையில் சேர்த்துக்கொண்டார். கொள்ளைத் தலைவன் பிளின்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்று பெயரிட்டவரும் தந்தையே.

இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். இத்தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்ததை அறிந்தவர்க்கே இதன் அருமை புரியும். மகன் தம்மைப்போல் பொறியாளராக வேண்டும் என்பது தாமஸின் கனவு. மகன் 1871-ல் அதைக் கைவிட்டார். அதைத் தாங்கிக்கொண்டார் தந்தை. ஆனால் 1873-ல், தம் பெற்றோரின் விசுவாசம் தமக்கு இல்லை என்று மகன் வாய்திறந்து சொல்லிவிட்டார். ஆழ்ந்த பக்தியுடைய தந்தையின் நெஞ்சம் உடைந்தது, வீடு துக்கவீடாயிற்று. ஆண்டுகள் சென்றன. 1880-ல் மகனின் திருமணத்துக்குப்பின் ஓரளவு சமாதானம் உண்டாயிற்று. எனினும் விசுவாசத்தைப் பற்றிய பிளவு தீர்ந்துவிடவில்லை. அத்தகைய இருவர்தாம் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுக் களித்தனர். கதை அவர்கள் வேற்றுமையை நீக்கிற்று என்று நாம் கூறத் துணியோம். ஒருவர் சொல்வதை மற்றவர் மனமுவந்து கேட்கும் நாட்களை அது அவர்களுக்குத் தந்தது. 1887-ல் தாமஸ் இறந்தார். இறந்த தந்தையை நினைக்கும் மகனுக்கு அந்நாட்கள் எத்தகைய செல்வம்!

பங்குகளில் பல்லாண்டு பணிபுரிந்த நமக்கு, இத்தகைய தந்தையரும் மைந்தரும் புதியவரல்லர். கோயிலுக்கு வர மறுக்கும் மகனோடு பேச்சையே நிறுத்திவிட்ட தந்தையரை அறிவோம். அறிவுரை கூற முற்பட்டால் சண்டையில் முடியும் வீடுகளையும் அறிவோம். சமயம் பற்றிப் பேச இயலாத காலத்திலும் சேர்ந்து கேட்பதற்கு ஏதேனும் ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும்.

கதை எந்த அளவுக்குச் செவிக்கென்றே அமைந்துள்ளது என்பதையும் அவ்வீட்டெதிரே நின்றபோது எண்ணிப் பார்த்தோம். குருடன் பியூ வருவதைக் கண் காணுமுன் அவன் கைத்தடி தரையைத் தட்டும் ஓசை அறிவிக்கிறது. ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்த ஜிம் என்னும் சிறுவன், கொள்ளையர் தம்முள் பேசிய சதியைக் கேட்டதனால்தான் நல்லவர் உயிர் பிழைக்கின்றனர். கதை முடிந்த பின்னும் ஜிம்மின் கனவில் ஒலிப்பது கிளியின் குரல். உரக்க வாசிப்பதற்கென்றே எழுதியவரின் கை இவற்றில் தெரிகிறது. அவரும் குழந்தைப் பருவத்தில் நோயாய்க் கிடந்தபோது, செவிலி அலிசன் கன்னிங்காம் வேதாகமத்தை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவரே.

திருச்சபைக்குக் கேள்வி புதிதன்று. உண்ணும் வேளையில் ஒருவர் வாசிக்க, ஏனையோர் மௌனமாய்க் கேட்கவேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்தார். குருமட உணவறையில் நாமும் அவ்வாறு கேட்ட நூல்கள் பல. கண்ணால் படித்தவை மறந்தும், அவை மறக்கவில்லை. விசுவாசமே கேள்வியால் வருவது என்றன்றோ புனித சின்னப்பர் போதிக்கிறார்!

அவ்விசுவாசத்தை இழந்ததாகச் சொன்ன ஸ்டீவன்சனின் பிற்கால வாழ்வையும் நம் வாசகர்கள் அறியவேண்டும். தொழுநோயாளரிடையே உழைத்த தந்தை தமியான், ஹவாயிலுள்ள மொலோக்காய்த் தீவில் 15-4-1889 அன்று உயிர்நீத்தார். அடுத்த மாதமே ஸ்டீவன்சன் அத்தீவின் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்று, ஒரு வார காலம் தங்கினார். கன்னியரைச் சந்தித்தார், நோயுற்ற சிறுமிகளோடு விளையாடினார், தமியானைப் புகழ்ந்தோர், குறைகூறினோர் ஆகிய இரு சாராரும் சொன்னவற்றைப் பொறுமையுடன் கேட்டார். பின்னர் ஹொனலூலுவின் போதகர் ஒருவர் தமியானை இழிவுபடுத்தி எழுதிய மடல் வெளியானபோது, 1890-ல் அதற்கு மறுப்பாக ஒரு பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். வழக்குத் தொடுக்கப்பட்டால் தம் பொருள் முழுவதையும் இழக்க நேரலாம் என்று அறிந்தே அதைச் செய்தார். தமியான் புனிதர் என்று அழைக்கப்படும் நாளையும் அக்கடிதத்திலேயே முன்னுணர்ந்து குறித்தார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-ல் தமியானைப் புனிதராக உயர்த்தினார். கத்தோலிக்கரல்லாத ஒருவர் நம் புனிதருக்காக வாதாடினார்; அவ்வாதத்தின் வலிமை, தீவு மக்கள் சொன்னதை அவர் செவிகொடுத்துக் கேட்டதில் இருக்கிறது.

அன்பு வாசகர்களே, இன்று ஒவ்வொருவர் காதிலும் இயர்போன் இருக்கிறது. தாய் ஒன்றைக் கேட்க, மகள் வேறொன்றைக் கேட்க, தந்தை யாதொன்றும் அறியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். கருவியின்மீது குற்றமில்லை. பார்வை மங்கிய முதியோர்க்கும், நோயால் படுத்திருப்போர்க்கும் அது பெரும் வரம். ஆயினும் வாரத்தில் ஓரிரவேனும், செபமாலை முடிந்தபின், இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கைபேசியை மேசை நடுவில் வையுங்கள். நல்ல கதையொன்றின் ஓர் அதிகாரத்தை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒலிப்பதிவு கிடையாத தமிழ்க் கதையாயின், வீட்டிலுள்ள பிள்ளையொன்று வாசிக்கட்டும். கால்மணி நேரம் போதும். அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாத்தாவும் தமக்குத் தோன்றியதைச் சொல்வார். அவரைத் தடுக்காதீர்கள்.