கூட வராத இலக்கம்

வீடு மாறுவது தமிழருக்குப் புதிய அனுபவமன்று. அதற்கென நாள் பார்ப்பர், பால் காய்ச்சுவர், சுவாமிப்படம் முன்னே போகவேண்டும், விளக்குமாறு பின்னே வரவேண்டும் என்பதற்கெல்லாம் வழக்காறு உண்டு. தொலைபேசிக்கு மட்டும் அத்தகைய வழக்காறு எதுவும் தோன்றவில்லை. சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க பொருள்களுள் அதுவும் ஒன்று என்று கருதப்படுவதே காரணமாகலாம். கழற்றி எடுக்கப்படுவது வெறும் கருவியே. வீட்டார் எதனைத் தம் தொலைபேசி என்று கருதுகின்றனரோ, அது சுவருக்கு அப்பால், வீதியோரக் கம்பத்துக்கும் அப்பால், பரிவர்த்தனை நிலையத்திலே இருக்கிறது.

‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரன்று, ஊரிலுள்ளோரே என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். இடத்தின் பெயர் அங்கிருப்போருக்கு ஆகி வருவதால் அது இடவாகுபெயராயிற்று. கம்பிவழித் தொலைபேசியின் இலக்கமும் அத்தகையதே. அது ஓர் இடத்துக்கு இடப்பட்ட குறி. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து ஒரு குறித்த வீட்டின் சுவர்வரை ஓடும் இரு செப்புக் கம்பிகளின் பெயர். நாளடைவில் அவ்வீட்டில் இருப்பவரின் பெயராக அது வழங்கத் தொடங்கிவிடுகிறது. இடத்தையும் ஆளையும் பிரிக்க வேண்டிய நாள் வரும்வரை இந்த மயக்கத்தால் யாருக்கும் கேடில்லை. வீடு மாறும் நாளே அந்த நாள்.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1878ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதலாவது தொலைபேசி விபரக்கொத்து ஒற்றைத் தாளில் அமைந்தது. அதில் பெயர்கள் இருந்தன, இலக்கங்கள் இருக்கவில்லை. அழைப்பவர் பெயரைச் சொன்னால், அப்பெயருக்குரிய கம்பி எதுவென்று இணைப்பாளர் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் சின்னமுத்து நோய் பரவியது. பெயர்களையெல்லாம் மனத்தில் வைத்திருக்கும் இணைப்பாளர்கள் ஒருங்கே நோயில் விழுந்துவிட்டால் புதியவர்கள் எவ்வாறு வேலையைச் செய்வர் என்று மோசஸ் கிறீலி பார்க்கர் என்னும் மருத்துவர் அஞ்சினார். பெயருக்குப் பதிலாக இலக்கம் வழங்கும் யோசனை அவருடையது. அறிந்த ஒருவர் இல்லாதபோது அறியாத ஒருவர் கொண்டு நடத்துவதற்கான உபாயமாகவே தொலைபேசி இலக்கம் பிறந்தது. பின்னர் 1891இல் அல்மன் ஸ்ரோஜர் என்பவர் தன்னியக்க இணைப்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிரேத அடக்கத் தொழில் செய்த அவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்றமையே அக்கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அவரது பொறி இயங்கத் தொடங்கியபின் நடுவில் நின்ற மனிதர் படிப்படியாக விலகலானார். இலக்கம் மாத்திரம் எஞ்சியது.

கண்டியிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2016ஆம் ஆண்டில் தமது வீட்டை விற்று, மகளுக்கு அண்மையில் இருக்கும்பொருட்டு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். கண்டி வீட்டுக்குத் தொலைபேசி வேண்டி அவர் விண்ணப்பித்தது 1990இல். அது கிடைத்தது 1998இல். எட்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பொருளை எவரும் எளிதில் உதறிவிடார். 2003இல் நாடு முழுவதும் இலக்கமுறை திருத்தப்பட்டபோது கண்டியின் குறியீடு 08 என்பதிலிருந்து 081 ஆயிற்று. அவரது ஆறு இலக்கத்துக்கு முன்னால் ஓர் இரண்டு சேர்ந்தது. அதனையும் அவர் ஊரெங்கும் அறிவித்துப் பழக்கப்படுத்தினார். ஆகவே குடிபெயரும்போது அவ்விலக்கத்தையும் உடன் கொண்டுசெல்ல விரும்பியது இயல்பே.

அது இயலாது என்று கிளை அலுவலகத்தில் சொன்னார்கள். 081 கண்டிக்குரியது, கொழும்புக்கு 011. குறியீடு மாறும் இடத்துக்கு இலக்கம் பயணம் செய்யாது. வரைபடத்தில் மழைநிழற் பிரதேசத்தையும் ஆற்று வடிநிலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிய ஆசிரியைக்கு இந்த எல்லைக்கோடு புதிதாக இருந்தது. பழைய இலக்கத்துக்கு வரும் அழைப்புகளையாவது புதிய இலக்கத்துக்குத் திசைதிருப்பலாகாதா என்று கேட்டார். திருப்பலாம், ஆயின் அதற்குப் பழைய இணைப்பு உயிரோடு இருத்தல் வேண்டும், மாத வாடகை கட்டப்படுதல் வேண்டும், அது ஒரு வீட்டில் இருத்தல் வேண்டும். வீடோ விற்கப்பட்டாயிற்று. வாங்கிய இளந்தம்பதியர் தமக்கென வேறு இணைப்புக்கு விண்ணப்பித்திருந்தனர். ஆசிரியை கடைசிக் கட்டணச் சீட்டைத் தீர்த்து, இணைப்பை நிறுத்தும் படிவத்தில் ஒப்பமிட்டார்.

இத்தனை தயக்கம் எதற்கு என்று மகளுக்கு விளங்கவில்லை. வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால் போயிற்று என்றார். உண்மையில் ஆசிரியை எண்ணியது வங்கியை அன்று. வவுனியாவில் மகளுடன் வாழ்ந்த அவருடைய அக்காவுக்கு அப்பொழுது வயது எண்பத்தொன்று. நினைவு குன்றத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியத்தில் நினைவிராது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அண்மையில் கற்றவை முதலில் உதிர்வதும் பழையவை நெடுநாள் நிலைப்பதும் அந்நோயின் இயல்பு. உதிராமல் எஞ்சியவற்றுள் தங்கையின் தொலைபேசி இலக்கமும் ஒன்று. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் எவருடைய உதவியுமின்றி அவர் தொலைபேசிக்கு அருகே போய் அமர்வார். விரல்கள் தாமாக அந்தப் பத்துப் பொத்தான்களையும் அழுத்தும். பேச்சு பெரும்பாலும் நேற்றையதே. தங்கை அதனைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

புதிய வீட்டில் தொல்லை விலாசத்திலிருந்தே தொடங்கியது. கொழும்பில் 24/2 என்பது இருபத்துநான்காம் இலக்கக் காணியிலிருந்து பிரிந்த ஒரு வீடு. 24, 2/1 என்பது இருபத்துநான்காம் இலக்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முதலாவது வீடு. நடுவே நிற்கும் காற்புள்ளியை விண்ணப்பத்தை எழுதியவர் விட்டுவிட்டார். இணைப்பு வழங்க வந்தோர் ஒழுங்கையின் மறுகோடியில் உள்ள 24/2க்குச் சென்று, அங்கே ஏற்கெனவே தொலைபேசி இருப்பதைக் கண்டு, ‘இணைப்பு உண்டு’ என்று குறித்துவிட்டுத் திரும்பினர். விண்ணப்பம் முடிவுற்றதாகக் கணினியில் பதிவாயிற்று. முடிந்துபோன விண்ணப்பத்தைப் பற்றி முறையிட வழியில்லை. புதியதொன்றைத் தொடங்கலாமெனில் அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே உண்டு. இந்தச் சுழலிலிருந்து வெளிவர இரண்டு வாரங்கள் சென்றன. நிறுத்தற்புள்ளி இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்லலாம்.

மூன்றாம் வாரத்தில் தொலைபேசியும் இணையமும் வந்தன, அல்லது வந்ததாகச் சொல்லப்பட்டன. தொலைபேசியில் ஒலி இருந்தது. இணையப்பெட்டியிலோ ஒரு சிறுவிளக்கு ஓயாது கண்சிமிட்டியதேயன்றி நிலைத்து எரியவில்லை. பெட்டி பழுது என்று வேறொன்று கொடுத்தார்கள். அதுவும் கண்சிமிட்டியது. இதனிடையே யாரோ ஒருவரைத் தேடி அழைப்புகள் வரலாயின. பிழையான இலக்கம் என்று ஆசிரியை பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ்மாடியில் புகையிரதப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தனியே வசித்தார். ஒருநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர், “ரீச்சர், பத்து நாளா என்ரை போனுக்குள்ளை மழை பெய்யுது” என்றார். தொலைபேசியை எடுத்தால் இடைவிடாத இரைச்சலாம். அதனோடு முன்பின் அறியாதவர்கள் அழைத்து, ரீச்சர் நிக்கிறாவோ என்று கேட்கிறார்களாம். எந்த ரீச்சரைக் கேட்கிறார்கள் என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை. பிழையான இலக்கம் என்று அவரும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை வந்த தொழிலாளி இளைஞர், முந்தியவர்களிலும் கூரியவர். ஆசிரியையின் தொலைபேசியிலிருந்து தமது கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பெடுத்தார். திரையில் தோன்றியது கீழ்வீட்டு முதியவரின் இலக்கம். கட்டடத்தின் நுழைவாயிலில் உள்ள பங்கீட்டுப் பெட்டியில் இரண்டு கம்பியிணைகள் இடம்மாறிப் பூட்டப்பட்டிருந்தன. குரல் ஏறத்தாழ நாலாயிரம் அதிர்வுக்கு உட்பட்டது. இணையம் அதே கம்பியில் இருபத்தையாயிரம் அதிர்வுக்கு மேல் பயணிப்பது. இரண்டையும் பிரிக்கும் வடிகட்டி ஒன்று வீட்டில் பொருத்தப்படல் வேண்டும். ஆசிரியைக்குரிய இணையம் வடிகட்டியில்லாத முதியவரின் தொலைபேசியில் மழையாகப் பொழிய, ஆசிரியையின் பெட்டி இணையமே இல்லாத கம்பியைப் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அது சீராயிற்று. பழுது இருந்தது பத்தொன்பது நாட்கள்.

இது வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆனால் வவுனியாவில் அதே நாட்களில் வேறொன்று நிகழ்ந்தது. இணைப்பு நிறுத்தப்பட்ட நாள்முதல் அக்கா மாலைதோறும் கண்டி இலக்கத்தை அழைத்து, அது பாவனையில் இல்லை என்று மும்மொழியிலும் சொல்லும் பதிவுக்குரலோடு வாதாடி வந்தார். “பிள்ளை, தங்கச்சியிட்டை ஒருக்காக் குடும்” என்று அந்தக் குரலிடம் கெஞ்சுவாராம். மகளின் கைத்தொலைபேசியிலிருந்து ஆசிரியை அடிக்கடி பேசினார். பேசும்போது மகிழ்ச்சிதான், பேசி முடித்த அரைமணி நேரத்தில், தங்கச்சி இன்னும் கதைக்கவில்லை என்று அக்கா மீண்டும் எழுந்துபோவார். பெறாமகள் புதிய இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி, பல நாள் முயன்று, ஒரு மாலை அதனைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தச் செய்துவிட்டார். அக்காவின் வாழ்நாளில் கடைசியாக நிகழ்ந்த கற்றல் அதுவாகலாம். அந்த அழைப்பு கீழ்மாடியில் ஒலித்தது. ஓர் ஆண்குரல், பிழையான இலக்கம் அம்மா என்று மரியாதையாகச் சொன்னது. அக்கா தொலைபேசியை வைத்தார். சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். மறுபடி ஒட்டிய தாள்களையும் கிழித்தார். புதிய இலக்கம் என்று எவர் சொன்னாலும் அதன்பின் அவர் நம்பவில்லை.

முதியவர்மீது குற்றமில்லை. கம்பியை மாற்றிப் பூட்டியவர் எந்த ஊரில் யாருடைய விரல்கள் காத்திருக்கின்றன என்று அறிந்திருக்க நியாயமில்லை. பங்கீட்டுப் பெட்டிக்குள் எல்லாக் கம்பிகளும் ஒரே நிறந்தான். எனினும் அந்த ஒரேயொரு அழைப்பு வந்த மாலை வேறொரு மாலையாக இருந்திருக்கலாகாதா என்று ஆசிரியை நெடுநாள் வருந்தினார்.

ஏறத்தாழ ஓராண்டின் பின் பதிவுக்குரல் நின்றது. அந்த இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. அக்கா அதன்பின் மாலையில் சிறிது நேரம் பேசுகிறார், அமைதியாகத் திரும்பி வருகிறார் என்று பெறாமகள் வியப்போடு தெரிவித்தபோது ஆசிரியை திடுக்கிட்டார். தமது பழைய இலக்கத்தைத் தாமே அழைத்தார். கண்டியில் ஓர் இரும்புக்கடை. எடுத்தவர் சிங்களவர், நடுத்தர வயதினர். ஆசிரியை சிங்களத்தில் விளக்கத் தொடங்கியதும் அவர் இடைமறித்து, ஆறு மணிக்குப் பேசும் அந்த அம்மாவா என்று கேட்டார். அவர் சொல்வது தமக்கு விளங்குவதில்லை. ‘ஓம் அம்மா, ஓம் அம்மா’ என்பது மட்டுமே தமக்குத் தெரிந்த தமிழ். அதனைச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த அம்மா தாமாகவே வைத்துவிடுவார் என்றார். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்று ஆசிரியை சொன்னதற்கு, கடை பூட்டும் நேரம், வேலை குறைவு என்பதே மறுமொழி.

அதன்பின் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பொறியியலாளர் எவரும் இதனை ஏற்பாடு என்று ஒப்பமாட்டார். மாலையில் அக்கா தொலைபேசிக்கு அருகே அமரும்போது பெறாமகளும் பக்கத்தில் அமர்வார். அக்கா பத்து இலக்கங்களையும் அழுத்தி முடித்ததும், “பொறுங்கோ அம்மா, லைன் கிடைக்குதில்லை” என்று அழைப்பைத் துண்டித்துக் கொழும்பு இலக்கத்தைத் தாம் அழுத்தி, ஒலிவாங்கியைத் தாயின் கையில் கொடுப்பார். மறுமுனையில் தங்கையின் குரல் கேட்கும். தாம் அழுத்திய இலக்கத்துக்கே அழைப்புப் போயிற்று என்று அக்கா நம்பினார். பெறாமகள் வேலையிலிருந்து திரும்பத் தாமதமாகும் நாட்களில் மணி கண்டியிலேயே ஒலித்தது. அங்கும் எடுத்துப் பேசினார்கள்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் அக்கா காலமானார். வெள்ளவத்தை வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஆசிரியை அன்று செய்தி அறிவித்தவர்களின் வரிசையில் கண்டி இரும்புக்கடைக்காரரும் இருந்தார். அந்த இலக்கத்தை அழுத்த அவருக்கு விபரக்கொத்துத் தேவைப்படவில்லை.