திரவத்தைக் கணித்தவர்: மூலக்கூற்று இயக்கவியலின் தொடக்கத்தைத் தேடி

ஒரு மருந்து புரதத்தின் எந்த மடிப்பில் சென்று ஒட்டும், ஓர் உலோகம் எந்த வெப்பநிலையில் உருகும் என்பன போன்ற கேள்விகளை இன்று கணினியில் ஆராயும் முறைகளுள் முதன்மையானது மூலக்கூற்று இயக்கவியல். ஒவ்வோர் அணுவின்மீதும் பிற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அவற்றை மிகச்சிறு காலப்படிகளில் நகர்த்திச் செல்வதே அதன் சாரம். இம்முறை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் தென்படுகின்றன. அவற்றுள் எதைத் தொடக்கமாகக் கொள்வது என்பது, கணினியிடம் இயற்பியலாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதல் வாயில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் உள்ளது. அங்கே ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகிய மூவரும் வரிசையாக இணைத்த துகள்களின் அதிர்வை மேனியாக் என்னும் கணினியில் ஆராய்ந்தனர். அதற்கான நிரலை எழுதியவர் மேரி சிங்கூ. 1955இல் வெளிவந்த அந்த அறிக்கை, கணினியும் ஓர் ஆய்வுக்களமே என்பதை உணர்த்தியது. ஆயினும் அதில் இருந்தது உண்மைப் பொருளன்று, கணித மாதிரி. 1957இல் லிவர்மோரைச் சேர்ந்த ஆல்டரும் வெயின்ரைட்டும் மோதிக்கொள்ளும் கடினக் கோளங்களை ஆராய்ந்து, ஈர்ப்பு விசை சிறிதும் இல்லாதபோதும் கோளங்கள் திண்மமாக ஒழுங்குபெறக்கூடும் என்று காட்டினர். 1960இல் புரூக்ஹேவனில் வினயார்டு குழுவினர், கதிர்வீச்சு தாமிரப் படிகத்தைச் சிதைக்கும் விதத்தைக் கணித்தனர். ஆனால் ஓர் உண்மைத் திரவம், தன் இயல்பான வெப்பச் சமநிலையில், ஆய்வகத்தில் அளந்த எண்களோடு ஒப்பிடத்தக்க வகையில் கணினிக்குள் வந்தது 1964இல்தான். அதைச் செய்தவர் அனீசுர் ரஹ்மான்.

1927இல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹ்மான், கேம்பிரிட்ஜில் பயின்று, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தபின், 1960இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். நியூட்ரான்களைத் திரவத்தின்மீது செலுத்தி, அவை சிதறும் விதத்திலிருந்து அணுக்களின் அசைவை அறியும் சோதனைகள் அக்காலத்தில் வளர்ந்துவந்தன. அச்சோதனைகள் காட்டிய அசைவுக்குப் பொருள் சொல்ல எளிய கோட்பாடுகள் போதவில்லை. ரஹ்மான் அணுக்களையே பின்தொடர முற்பட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது 94.4 கெல்வின் வெப்பநிலையில் இருந்த, ஆர்கான் என்னும் தனிமத்தின் திரவம். சிடிசி 3600 என்னும் கணினியில், ஒரு கனசதுரப் பெட்டிக்குள் 864 அணுக்கள் வைக்கப்பட்டன; பக்கத்துக்கு ஆறு அலகுகளாக, அலகுக்கு நான்கு அணுக்கள் வீதம் படிக ஒழுங்கில் அடுக்கினால் வரும் எண்ணிக்கை அது. ஒரு சுவரைக் கடந்து வெளியேறும் அணு எதிர்ச்சுவர் வழியாக உள்ளே வருமாறு விதித்ததால், சிறு பெட்டியே எல்லையற்ற திரவத்துக்கு ஈடாயிற்று. நெருங்கினால் விலக்கி, சற்று விலகினால் ஈர்க்கும் லெனார்டு-ஜோன்ஸ் விசை அணுக்களுக்கிடையே செயல்பட, நொடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு காலப்படியாக அமைந்தது.

அக்கணிப்பில் நுட்பமானது, ஓர் அணு தன் தொடக்கத் திசைவேகத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்னும் அளவீடு. வாயுவில் இந்நினைவு மெல்ல மங்கி மறையும். ஆர்கான் திரவத்திலோ அது சுழியைக் கடந்து எதிர்க்குறிக்குச் சென்றது. தேர்த்திருவிழா நெரிசலில் முன்னே அடியெடுத்து வைப்பவர் பின்னே தள்ளப்படுவதுபோல, சுற்றியுள்ள அணுக்களில் மோதி அணு திரும்பிவிடுகிறது என்பதே இதன் பொருள். அணுக்கள் திரவத்தில் பரவும் வேகத்தைக் குறிக்கும் விரவல் குணகம் சோதனை மதிப்பைவிட 15 விழுக்காடு குறைவாக வந்ததையும் ரஹ்மான் கட்டுரையின் சுருக்கத்திலேயே வெளிப்படையாகப் பதிந்தார்.

பின்னர் வந்தவர்களுக்கு இதுவே அடித்தளமாயிற்று. 1967இல் பிரான்சின் வெர்லே, அதே 864 துகள்களைக் கொண்டு எளிய கணிப்புநெறியை வகுத்தார். 1971இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 மூலக்கூறுகளைக் கொண்டு நீரை ஆராய்ந்த ரஹ்மான், 1980இல் பாரினெல்லோவுடன் இணைந்து, அழுத்தத்துக்கேற்பப் பெட்டியின் வடிவமே மாறும் முறையை உருவாக்கினார். படிகங்கள் ஒரு கட்டமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை அது காணச்செய்தது. 1985இல் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியராகி மீண்டும் கற்பித்தலுக்குத் திரும்பிய அவர், 1987இல் மறைந்தார். அமெரிக்க இயற்பியல் கழகம் கணிப்பு இயற்பியலுக்கு வழங்கும் விருது 1993 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

கணினியை முதலில் பயன்படுத்தியவர் யார் என்று மட்டும் கேட்டால் தேடல் லாஸ் அலமோஸில் முடிந்துவிடும். கணித்த எண்ணைச் சோதனையில் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இடையே உள்ள வேறுபாட்டுக்கும் பொறுப்பேற்றவர் யார் என்று கேட்டால் அது ரஹ்மானிடமே வந்து நிற்கிறது. நிரல் எழுதும் திறமையை மாணவர் எங்கும் கற்கலாம். தம் கணிப்பை இயற்கையின் தீர்ப்புக்கு ஒப்படைக்கும் இந்த ஒழுக்கத்தையே, கணிப்பு இயற்பியலைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் முதற்பாடமாக வைக்க வேண்டும்.