கடலில் கயாக்கும் ஓர் அனுமதிக் கடிதமும்



புறப்பாட நடவடிக்கை என்றாலே பூப்பந்து, காற்பந்து, சாரணர் இயக்கம் என்று தரையிலேயே நின்றுவிடுகிறோம். இன்று சற்றுக் கடலுக்குச் செல்வோம்.

இரண்டாம் உலகப் போரின்பொழுது ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் வணிகக் கப்பல்களைத் தகர்த்து வந்தன. கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகுகளில் ஏறியவர்களுள் வலிமை மிக்க இளைஞர்கள் மனமுடைந்து மடிய, முதிய மாலுமிகளே தாக்குப் பிடிக்கின்றனர் என்பது கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டின் கருத்து. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன புளு ஃபன்னல் கப்பல்கள் அவருடைய குடும்ப நிறுவனத்திற்கு உரியவை. இட்லரை எதிர்த்துச் சிறை சென்று, பின் பிரிட்டனில் குடியேறிய கல்வியாளர் குர்ட் ஹானுடன் இணைந்து, 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் அவர் தொடங்க உதவிய பள்ளியே அவுட்வர்ட் பவுண்ட். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. பின்னர் 1950-களில் நம் லுமுட்டிலும், 1967-இல் சிங்கப்பூரின் புலாவ் உபினிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன.

அதே லுமுட் வட்டாரத்தில், வேறொரு முகாமின் வழி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் 24 பேர் 12 கயாக்குகளில் பங்கோர் தீவுக்குத் துடுப்பு வலித்தோம். புறப்படுமுன் ஒவ்வொருவரும் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வந்து, மீண்டும் ஏறிக் காட்ட வேண்டும். எனக்கு அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. பயிற்றுநரோ மேற்கு வானத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வருவதுண்டு. வானம் தெளியும்வரை எங்களைக் கரையிலேயே அமர்த்தி வைத்தார்.

தீவு எதிரே தெரிந்தும் அதை நோக்கி நேராகச் செல்லவில்லை. நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும் என்பதால் ஓட்டத்திற்கு எதிர்ப்புறமாக முனையைத் திருப்பி வைத்தோம். தீவின் மேற்குப் பக்கம் வந்ததும் மலாக்கா நீரிணையின் அலைகள் தொடங்கின. பக்கவாட்டில் அலை வாங்கினால் கயாக் கவிழும். முனையை அலைக்கே காட்ட வேண்டும். அச்சம் திரும்பி ஓடச் சொல்லும்பொழுது அலையை நோக்கித் துடுப்பு வலிப்பது எளிதன்று.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. மிகவும் பின்தங்கிய இணையைப் பயிற்றுநர் வரிசையின் முன்னே கொண்டுவந்தார். அவர்களை எவரும் முந்தக் கூடாது. வலிமையுள்ளவர்கள் முணுமுணுத்தனர். ஆனால் முன்னே வந்த அவ்விணையின் துடுப்புகள் மெல்ல ஒழுங்குபட்டன, வரிசையும் சிதறவில்லை. களைத்தபொழுது பக்கத்துக் கயாக்கைப் பற்றிக்கொண்டு, 12-ம் ஒரே தெப்பமாக மிதந்து இளைப்பாறினோம். வகுப்பறையில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் வேகத்தில் பாடத்தை நடத்திவிட்டு, பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு வைக்கும் நம் வழக்கத்தை நான் ஐயுறத் தொடங்கியது அன்றுதான்.

இவ்வாண்டு எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கடற்கரை முகாமொன்று திட்டமிட்டுள்ளோம். நீந்தத் தெரிந்தவர்களைக் கை உயர்த்தச் சொன்னேன்; நான்கு கைகளே உயர்ந்தன. கரையோரத்தில், ஆழமில்லாத நீரில்தான் கயாக். ஆயினும் ஒரு தாயார் அனுமதிக் கடிதத்தை வெறுமையாகவே திருப்பிக் கொண்டுவந்தார்.

"டீச்சர், என் மகன் ரொம்பச் சின்ன உருவம். அவன் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்குதா?"

சில ஆசிரியர்கள் இதனைத் தேவையற்ற அச்சம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவுக்குப் பெரிய சட்டை நீரில் மேலெழும்பிக் கழன்றுவிடக் கூடும். சிறுவர்க்குரிய அளவே வேண்டும். அந்தத் தாயார் கேட்டது, எங்கள் பயிற்றுநர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

"நல்ல கேள்வி அம்மா. விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

முகாம் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். சிறிய அளவுச் சட்டைகள் எட்டு இருக்கின்றனவாம். சிறிய உருவமுடைய பிள்ளைகள் ஒரு சுற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் நீரில் இறங்காதவாறு பட்டியலைத் திருத்தித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். தாயாருக்கும் தெரிவித்துவிட்டேன். இன்னும் கையெழுத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.