கொரியா காரும் ஏர்பேடு மெக்கானிக்கும்

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் சாலையில், ஏர்பேடு கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை தெலுங்கில். உள்ளே கேட்கும் வசவுகளில் பாதி தமிழ். திருத்தணிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் பிழைக்க வந்த மெக்கானிக்குக்கு இப்போது 64 வயது. திருப்பதியில் பெருமாளையும் காளஹஸ்தியில் ராகு கேதுவையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப நினைப்பவர்களின் வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டன.

கார் வாங்கப் போகிற யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் போனதில்லை: "இந்த வண்டியை நம்பலாமா?" சொல்லும் பதிலில் அவர் பெரும்பாலும் தவறியதில்லை. ஒரு முறை தவறினார். அதை 26 ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை.

அண்மையில் தங்கை மகன் பட்டறைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டான். "மாமா, டாக்ஸிக்கு ஒரு ஹூண்டாய் பார்த்திருக்கேன். கேஸ் வண்டி. அம்மா பேர்ல இருக்கிற வீட்டை வச்சு லோன் எடுக்கணும். நீ இன்னா சொல்றே?" கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்த மெக்கானிக் வெகு நேரம் பதில் சொல்லவில்லை. 1999ல் இதே இடத்தில், இதே கம்பெனியைப் பற்றி, இவனுடைய அப்பா கேட்டிருந்தார்.

அப்போது மச்சானுக்கு முப்பது வயது. சொந்த டாக்ஸி ஓட்ட ஆசை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை தொடங்கிய ஹூண்டாய், 1998 செப்டம்பரில் சான்ட்ரோவைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. ஆரம்ப விலை மூன்று லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உயரமான கூரையும் புடைத்த பக்கங்களுமாக அது விநோதமாகத் தெரிந்தது. அந்த நாளில் சின்ன கார் என்றால் மாருதி. புதிதாக வந்த கொரியக் கம்பெனியை யாருக்கும் தெரியாது. அது கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் முதல் விளம்பரங்களில் நடிகர் ஷாருக்கானை, உடனே புகழ்பாடுபவராக அல்லாமல், சந்தேகம் கேட்பவராகக் காட்டினார்கள்.

மெக்கானிக்கின் தீர்ப்பு ஒரே வரிதான். "கொரியாக்காரன் வண்டி நிக்காது மச்சான். ரெண்டு வருஷம் போகட்டும்."

அது அடியோடு ஆதாரமற்ற பேச்சு அல்ல. அமெரிக்காவில் ஹூண்டாயின் பெயர் அப்போது படுமோசம். 1986ல் எக்ஸெல் என்ற காரை 4,995 டாலருக்கு அங்கே கொண்டுபோனார்கள். முதல் ஆண்டிலேயே 1,68,882 கார்கள் விற்றன. மலிவு விலைக்காக வாங்கியவர்கள் சில ஆண்டுகளில் பழுதுக்குச் செலவழித்துச் சலித்தார்கள். தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஹூண்டாய் என்ற பெயரே கேலிப் பொருளாயிற்று. 1998ல் அங்கே ஆண்டு விற்பனை 90,000 அளவுக்கு இறங்கியிருந்தது. இங்கேயும் இன்னொரு கொரியக் கம்பெனியான டேவூ, சான்ட்ரோவோடு போட்டி போட மாட்டிஸைக் கொண்டுவந்தது. 1999ல் கொரியாவில் டேவூ குழுமமே சரிந்தது. சில ஆண்டுகளில் இந்தியத் தயாரிப்பும் நின்று, மாட்டிஸ் வைத்திருந்தவர்கள் உதிரி பாகங்களுக்கு அலைந்தார்கள்.

ஆனால் ஏர்பேடு மெக்கானிக் இதையெல்லாம் அறிந்து சொல்லவில்லை. அவர் சொன்னதற்குக் காரணம் வேறு. சான்ட்ரோவின் பானெட்டை முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது அதில் கார்பரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து தெளிக்க இஞ்செக்டர்கள். அவற்றுக்கு உத்தரவு கொடுக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. காதை வைத்துக் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி, சரிசெய்து பழகிய கைகளுக்கு அங்கே வேலையில்லை. "எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியாத வண்டின்னு சொல்ல வாய் வரலை. நிக்காத வண்டின்னு சொல்லிட்டேன்" என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்.

மச்சான் அவர் பேச்சைக் கேட்டார். ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். அது எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. மெக்கானிக்குக்குத் தலைகீழாகத் தெரிந்த வண்டி. ஒரு நாள் இரவு, ரேணிகுண்டாவில் ரயிலைப் பிடிக்க வேண்டிய குடும்பத்தோடு அது வழியில் நின்றுபோயிற்று. ரயில் போய்விட்டது. சவாரி கொடுத்துவந்த டிராவல்ஸ்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் வண்டியை விற்றுவிட்டு மச்சான் யாரோ ஒருவரின் லாரிக்கு டிரைவராகப் போனார். அதே இரண்டு ஆண்டுகளில் திருப்பதி டாக்ஸி ஸ்டாண்டில் சான்ட்ரோக்கள் வந்து நின்றன. இறக்கும்வரை மச்சான் சொந்த வண்டி வாங்கவில்லை. ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. அதுதான் மெக்கானிக்கை உறுத்தியது.

கெட்டுப்போன பெயரை ஒரு கம்பெனி எப்படித் திருத்திக்கொண்டது என்பதைப் பார்க்க ஹூண்டாய் நல்ல உதாரணம். 1998ல் அமெரிக்காவில் அது ஓர் அறிவிப்பு செய்தது: இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் பத்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி. அதாவது ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர். எங்கள் கார் நல்ல கார் என்று சொல்வது சுலபம். பத்து வருடத்துக்குள் கெட்டால் எங்கள் செலவு என்று எழுதிக் கொடுப்பது அப்படியல்ல. வாரண்டி கொடுத்துவிட்ட பிறகு, ஆலையிலிருந்து குறையோடு வெளியேறும் ஒவ்வொரு இன்ஜினும் கம்பெனியின் பணத்தையே தின்னும். எனவே ஆலைக்குள்ளேயே தரத்தைக் கவனித்தாக வேண்டும். கவனித்தார்கள். 2004ல் அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் எடுத்த புதுக் கார் தரக் கணக்கெடுப்பில், கம்பெனிகளின் வரிசையில் ஹூண்டாய் ஹோண்டாவுக்குச் சமமாக வந்து நின்றது. கேலி செய்தவர்கள் வியந்தார்கள்.

அந்தக் கம்பெனியை நிறுவிய சுங் ஜூ யுங்கும் ஒரு பட்டறைக்காரர்தான் என்பதை மெக்கானிக்குக்குச் சொன்னவன் தங்கை மகன். பிற்பாடு வட கொரியாவுக்குள் போய்விட்ட ஒரு கிராமத்தில், ஏழை விவசாயி வீட்டில் 1915ல் பிறந்தவர் அவர். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார். 1940ல் சியோல் நகரில் கார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை வாங்கினார். சிறிது காலத்தில் அது தீப்பிடித்து எரிந்தது. மறுபடியும் கடன் வாங்கித் தொடங்கினார். 1967ல் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி. 1975ல் சொந்த மாடலான போனி. 1998ல், 82 வயதில், எல்லையைக் கடந்து வட கொரியாவுக்கு இரண்டு தவணையாக மாடுகளை ஓட்டிப்போனார். மொத்தம் 1,001. அப்பாவிடம் எடுத்த ஒரு மாட்டுக் காசுக்கு வட்டியும் முதலும்.

மெக்கானிக்குக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. "கடன் வாங்கினது தப்பில்ல, ஓடினதுகூடத் தப்பில்ல. திருப்பிக் கொடுத்தான் பாரு" என்றார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. ஹூண்டாயும், 1998ல் அது வாங்கிய கியாவும் அமெரிக்காவில் விற்ற சில பெரிய கார்களின் இன்ஜின்கள் ஓடும்போதே இறுகி நின்றன. கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது உண்டான இரும்புத் துகள், ஆயில் போகும் வழியில் தங்கிவிட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. ஆயில் போகாவிட்டால் கனெக்டிங் ராடு பேரிங் தேயும். தேய்ந்தால் இன்ஜின் சீஸ் ஆகும். இது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரிந்த பாடம். 2015ல் சுமார் 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அது போதாது என்று கம்பெனிக்குள்ளிருந்தே ஓர் இன்ஜினியர் குரல் எழுப்பினார். கிம் குவாங் ஹோ என்ற அவர் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் ஆவணங்களைக் கொடுத்தார், வேலையை இழந்தார். கார்களைத் தாமதமாகத் திரும்ப அழைத்ததற்காக 2020ல் இரண்டு கம்பெனிகளுக்கும் விதிக்கப்பட்ட தொகை 21 கோடி டாலர். 2021ல் கிம்முக்குக் கிடைத்த வெகுமதி 2.4 கோடி டாலருக்கு மேல்.

அந்த இன்ஜின் இங்கே டாக்ஸியாக ஓடும் சின்ன கார்களில் வந்ததில்லை. ஆனாலும் இங்கேயும் ஒரு பாடம் இருந்தது. 2014ல் குளோபல் என்காப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஹூண்டாய் ஐ10க்குக் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். மற்ற நான்கு கம்பெனிகளின் கார்களுக்கும் அதே கதிதான். நடுவழியில் நிற்காத கார் என்று பெயர் வாங்குவது வேறு, மோதினால் உயிரைக் காப்பது வேறு என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 2023ல் அதே கம்பெனியின் வெர்னா ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

ஆக, நல்ல பெயர் என்பது ஒரு தரம் சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கிற நகை அல்ல. கெட்ட பெயரும் கல்வெட்டு அல்ல. இந்தப் பகுதியே அதற்குச் சாட்சி. கொரியாக்காரன் வண்டி என்று ஒதுக்கியவர்களின் மாநிலத்திலேயே, பெனுகொண்டாவில், 2019ல் கியா கார் தயாராகத் தொடங்கியது. வெறும் பொட்டலாகக் கிடந்த ஏர்பேடு மேட்டில் இன்று ஐஐடி இருக்கிறது. அங்கிருந்து வரும் சவாரிகளை நம்பித்தான் தங்கை மகன் வண்டி வாங்கப் பார்க்கிறான்.

மெக்கானிக் கடைசியில் வாயைத் திறந்தார். முதலில் 1999 கதையைச் சொன்னார், கார்பரேட்டர் விஷயம் உட்பட. பையன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்பலாமான்னு கேக்காதே. கெட்டா இன்னா செய்வான்னு கேளு" என்றார். டாக்ஸியாக ஓட்டினால் வாரண்டி எத்தனை கிலோமீட்டர், சொந்த உபயோகத்துக்கு என்ன, இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார். எத்தனை ஏர்பேக் என்று பார்க்கச் சொன்னார். திரும்ப அழைத்துக் கடிதம் வந்தால் அதைக் கெட்ட சகுனமாக எண்ணாமல் மறுநாளே வண்டியைக் கொண்டுபோய் விடச் சொன்னார். "குறையைச் சொல்றவன் தேவலாம். மறைக்கிறவன்கிட்டதான் பயப்படணும்."

வீட்டுப் பத்திரத்தைத் தொடாமலே கடன் தர ஒரு ஃபைனான்ஸ்காரர் தயாராக இருந்தார். ஆனால் ஜாமீன் கேட்டார். தங்கை மகன் தவணை கட்டத் தவறினால் மெக்கானிக் கட்ட வேண்டும். பட்டறை வருமானம் முன்போல் இல்லை. மனைவிக்கு இதில் சம்மதமும் இல்லை. எண்ணெய்க் கையை மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஏழு இடங்களில் கையெழுத்துப் போட்டார்.

காகிதங்களைப் பையனிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது இதுதான்: "முதல் சர்வீஸ் தேதியை மறந்துடாதே."