டர்போவைக் கழற்றும் முன்

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு குறுக்குத் தெருவில் அந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது. டர்போ வண்டிகள்தான் அங்கே அதிகம் வருகின்றன. நான் போயிருந்த காலையில் ஒரு டீசல் கார் நீலப் புகை கக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. வண்டிக்காரர் ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டிவிட்டு வந்திருந்தார். இரண்டு இடத்திலும் டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றே சொல்லியிருந்தார்கள். செலவு அரை லட்சத்தைத் தாண்டும்.

எல்லோரும் ‘அண்ணா’ என்று கூப்பிடும் மூத்த மெக்கானிக் டர்போ பக்கம் போகவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேறட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, அதன் வாய்மேலேயே சும்மா வைத்தார். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடிபோல அது துள்ளியது. இடுக்கு வழியாக வெள்ளைப் புகை பீய்ச்சியது.

“டீசல்ல மூடி லேசா ஆடறது சகஜமுங்க. இது ஆட்டமில்ல, அடி. இத்தனை பேக் கம்ப்ரெஷன வெச்சுக்கிட்டுப் புது டர்போ போட்டா அதுவும் நாளைக்குப் புகைதானுங்க விடும்.”

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகள் முழுதாக அடைப்பதில்லை. எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, கிராங்க் சுழலும் அறைக்குள் போய்விடும். புத்தம்புது எஞ்சினிலும் இது உண்டு. பட்டறை மொழியில் இதுதான் பேக் கம்ப்ரெஷன். எரியாத எரிபொருள், நீராவி, அமிலம் எல்லாம் கலந்த அந்த வாயு, அங்கே சிதறிக்கொண்டிருக்கும் ஆயில் துளிகளையும் சுமந்துகொண்டு மேலே டேப்பட் கவருக்கு வருகிறது. கவருக்குள் ஆயிலைப் பிரித்துக் கீழே விடும் தடுப்பறை இருக்கிறது. அதைத் தாண்டிய வாயு ஒரு ஹோஸ் வழியாக எஞ்சின் காற்றிழுக்கும் பாதையில் சேர்ந்து மறுபடி எரிகிறது.

முன்பெல்லாம் இதை ஒரு குழாய் வைத்துச் சாலையிலேயே விட்டுவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய 1950களில், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன் வெயிலில் வினைபுரிந்துதான் அந்த மூட்டம் உருவாகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அதன் பிறகு, 1960களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியா அரசு கார்களுக்குக் கட்டாயமாக்கிய முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சினின் இந்த மூச்சை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பும் வால்வுதான். சைலன்ஸர் புகைக்குக் கருவி கட்டாயமாவதற்கு முன்பே அவர்கள் இதைப் பிடித்துவிட்டார்கள்.

டர்போ வந்ததும் கணக்கு சிக்கலாகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டில் இருக்கும் உறிஞ்சலே வாயுவை இழுத்துக்கொள்ளும். காலை அழுத்தி டர்போ ஏறியதும் அதே மேனிஃபோல்டில் அழுத்தம் நிறைந்துவிடும். அப்போது ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு இரண்டாவது ஹோஸ் வழியாக டர்போவின் காற்று வாய்க்குப் போக வேண்டும். விரல் நுனியளவு பிளாஸ்டிக் வால்வு சரியாக மூடவில்லை என்றால் டர்போ அழுத்தம் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் புகுந்துவிடும். ஆயில் சீல் கசியும், டிப் ஸ்டிக் எகிறும். டீசலில் பெரும்பாலும் டர்போ வாய்க்குப் போகும் பாதை ஒன்றுதான். அது அடைத்தால் மாற்று வழி கிடையாது.

இதற்கும் நீலப் புகைக்கும் என்ன தொடர்பு என்று அண்ணா டர்போவின் அடியைக் காட்டி விளக்கினார். ஆயில் வரும் குழாய் மெலிது, திரும்பும் குழாய் தடித்தது. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள்வரை சுற்றும். அந்தத் தண்டு மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். வேலை முடிந்த ஆயிலைத் திருப்பி இழுக்கப் பம்ப் எதுவும் கிடையாது. அது தன் எடையால்தான் இறங்க வேண்டும். கீழே அழுத்தம் நின்றால் ஆயில் இறங்காமல் டர்போவுக்குள்ளேயே தேங்கும். அங்கே இருப்பது ரப்பர் சீல் அல்ல, சின்ன இரும்பு வளையம். தேங்கிய ஆயிலை அதனால் தடுக்க முடியாது. ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் இன்னொரு பக்கம் சைலன்ஸருக்கும் ஆயில் கசியும். பார்க்கிறவருக்கு டர்போ செத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

அடுத்து, அழுத்தம் வருவது தேய்ந்த ரிங்கினாலா, அடைப்பினாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிப் ஸ்டிக் துளையில் செருகி, மீதியைச் சுவரில் யூ வடிவில் தொங்கவிட்டார் அண்ணா. ஒரு மில்லிபார் அழுத்தத்துக்கு இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ட்யூபைச் சிக்கனமாக வெட்டக் கூடாது. சில பெட்ரோல் எஞ்சின்களில் உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரப்பர் கிழிந்திருந்தால் உறிஞ்சல் மிகுந்து தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். இந்த வண்டியில் தண்ணீர் ஒரு சாண் மேலே ஏறி நின்றது. அப்படியே விட்டு, டேப்பட் கவரிலிருந்து ஹோஸைக் கழற்றினார். தண்ணீர் இறங்கவில்லை. ஹோஸ் மாட்டியிருந்த வாயில் காற்று பேருக்குத்தான் வந்தது. அப்படியென்றால் அடைப்பு கவருக்கு உள்ளே.

கவரைக் கழற்றிய இளைஞர் ஓரத்து போல்ட்டுகளை முதலில் தளர்த்தி நடுவுக்கு வந்தார். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கவர் வளையும் என்றார். தடுப்பறைத் தகட்டைத் திறந்தபோது, உள்ளே தார் மாதிரி கறுப்பு மண்டி. ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டதன் விளைவு. ஊட்டியிலிருந்து வரும் வண்டிகளில் இதே இடத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒரு பிசுக்கு இருக்குமாம். குளிரில் கொஞ்ச தூரமே ஓடி நிற்பதால், நீராவி வெளியேறும் அளவுக்கு எஞ்சின் சூடாவதே இல்லை.

இந்தக் கவர் அலுமினியம். தகட்டைத் திறக்க முடிந்தது, டீசலில் ஊறவைத்துச் சுரண்ட முடிந்தது. புதிய கார்கள் பலவற்றில் கவரே பிளாஸ்டிக். தடுப்பறையை உள்ளேயே ஒட்டி மூடிவிடுகிறார்கள். நாணயத்தைவிடச் சற்றே பெரிய ரெகுலேட்டர் ரப்பர் கிழிந்ததற்கு முழுக் கவரையும் வாங்க வேண்டியிருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கைக்கு அதைச் சரிசெய்யும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இளைஞர் மண்டியைச் சுரண்டியது வெறுங்கையால். பழைய எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கணக்கில் வெறுங்கையால் அளைவது தோலுக்குக் கேடு. கையுறை அலமாரியில் பெட்டியோடு இருந்தது. போட்டால் போல்ட் பிடி கிடைக்காது என்றார். மெல்லிய நைட்ரைல் உறை இன்று எங்கும் கிடைக்கிறது. முதலாளிகள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கவர் திரும்ப ஏறியதும் ட்யூபில் தண்ணீர் சமமாக நின்றது. புகை உடனே நிற்கவில்லை. இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். அரை டம்ளருக்குமேல் ஆயில் கொட்டியது. டீசலில் இதை அப்படியே விடுவது ஆபத்து. தேங்கிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் அதையே எரித்துக்கொண்டு தாறுமாறாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். சைலன்ஸரில் படிந்த மிச்சமும் எரிந்து தீர, வண்டியை அவிநாசி சாலையில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார்கள். பழைய டர்போவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே வாயுவோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் வேலை அடுத்த தெருவிலும் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆர்கான் வெல்டிங் செய்பவர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓடும் ஒரு காருக்கு அலுமினிய ஆயில் டேங்க் அடித்துக்கொண்டிருந்தார். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, எஞ்சின் மூச்சை வெளியே விடும் பந்தயக் கார் வழியும் ஆயிலை ஒரு டேங்கில் பிடித்தாக வேண்டும்: 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே இருப்பது வெளியே தெரியவும் வேண்டும். தடுப்புத் தகடுகளுக்கு இடையே அவர் எவர்சில்வர் வலையை வெட்டிப் பொருத்தினார். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்துக்கொண்டு வருகிறவர்களை அவர் சேர்ப்பதில்லை. இழை உடைந்து டர்போ விசிறிக்குள் போனால் எல்லாம் முடிந்தது.

அங்கே ஒரு கல்லூரி மாணவர் தன் டர்போ பெட்ரோல் காரோடு காத்திருந்தார். ஹோஸைப் பிடுங்கிவிட்டு டேப்பட் கவர்மேல் சின்ன ஃபில்டர் ஒன்றை வைத்துவிட வேண்டும், பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும் என்பது அவர் விருப்பம். வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சாலையில் ஓடும் கார் இந்த வாயுவை வெளியே விடக் கூடாது என்பது பாரத் ஸ்டேஜ் விதி. அந்த நாற்றம் ஏசி வழியே காருக்குள்ளும் வரும். இழுக்க ஆளில்லாத ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சினில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, ஆயில் ஆவி கரியாகப் படியும் என்பது உண்மைதான், அதற்கு மூடிய டேங்க் போதும் என்று வரைந்து காட்டினார் அவர். கவரிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து மறுபடி டர்போ வாய், அடியில் ஒரு வடிகால் திருகு. மாணவர் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டு, ஹோஸின் உள்விட்டத்தை அளந்து கொடுத்தார்.